முதலை வளர்த்தவர்களும் பாம்பு பிடித்தவர்களும்

குறிஞ்சிப்பாட்டு என்றதும் நம் அனைவருக்கும் நினைவில் எழுவது 99 பூக்களே. தமிழாசிரியர் மூச்சு விடாமல் அவற்றை அடுக்கிச் சொல்ல, வாய் பிளந்து கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். அதே பாட்டில் கபிலர், ஆழ்சுழியில் உலவும் கொடிய உயிர்களாக முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களைச் சொல்கிறார். அவற்றை நினைவில் வைத்திருப்போர் குறைவு. உரைகளும் அகராதிகளும் பின்னிரண்டையும் முதலையின் வகைகள் என்று சொல்லி அகன்றுவிடுகின்றன. எது இடங்கர், எது கராம் என்று இன்று உறுதியாகச் சுட்டிக்காட்ட நம்மிடம் ஆளில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. மூன்று சொற்கள் இருந்தன என்றால், அந்த மூன்றையும் வேறு வேறாகப் பார்த்த கண்களும் இருந்திருக்கின்றன.

கபிலர் தம் இறுதி நாளைக் கழித்ததாக மரபு சொல்லும் குன்று, திருக்கோவலூரில் தென்பெண்ணையின் நடுவே இருக்கிறது. 2019இல் உருவான எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இன்று அடங்குகிற ஊர் அது. அதே ஆற்றில் மேல்நோக்கிச் சென்றால் சாத்தனூர் அணை. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. கல்வராயன் மலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகளும் தென்பெண்ணையில்தான் கலக்கின்றன. அணையை ஒட்டி ஒரு முதலைப் பண்ணை உண்டு. கபிலரின் குன்றுக்கும் இந்தப் பண்ணைக்கும் நடுவே ஓடுவது ஒரே ஆறு என்ற எண்ணமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

எங்கள் வாசக நண்பர்கள் சிலர் சங்கராபுரம் வழியாகச் சென்று, மூங்கில்துறைப்பட்டுப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, அணைக்குப் போய்வந்தோம். பண்ணையின் தொட்டிக் கரைகளில் முதலைகள் வாய் திறந்தபடி அசைவின்றிக் கிடந்தன. உயிருள்ளவைதானா என்று பார்க்க ஒரு சிறுவன் கைதட்டினான். எதுவும் அசையவில்லை. சுற்றுலாப் பயணிக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும் காட்சிதான். ஆனால் இவை இங்கே எதற்காக வளர்க்கப்பட்டன என்ற கேள்வியை எழுப்பிக்கொண்டால், அரை நூற்றாண்டுக் கதை ஒன்று அதன் பின்னால் இருப்பது தெரிகிறது. ஆடும் மாடும் கோழியும் வளர்க்கிறோம். இரவில் பெயரைச் சொல்லவும் அஞ்சி ‘பூச்சி’ என்று நாம் குறிக்கும் பாம்பையும், ஆற்றில் ஆளை இழுக்கும் முதலையையும் வளர்த்துப் பெருக்க வேண்டும் என்று ஒருவருக்கு ஏன் தோன்றியது?

அதற்கு விடை தோல். பாம்புத்தோலும் முதலைத்தோலும் கைப்பையாகவும் காலணியாகவும் இடைவாராகவும் மேலை நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்றிருந்தது. பாம்புத்தோல் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கப்பலேறிற்று. ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலை சுடப்பட்டது. முட்டைகள் தோண்டி உண்ணப்பட்டன. முட்டையிடும் மணற்கரைகள் அணைகளுக்கடியில் மூழ்கின. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் வந்த ராபர்ட் பஸ்டார்ட் என்ற அறிஞர் இந்திய முதலைகளின் நிலையை ஆராய்ந்தார். அவருடைய பரிந்துரையின்பேரில் 1975இல் நடுவண் அரசின் முதலைத் திட்டம் தொடங்கிற்று. நீண்ட மூக்குடைய கரியால் அப்போது நாடு முழுவதும் 200 அளவில்தான் எஞ்சியிருந்ததாகக் கணிக்கப்பட்டது. கரியால் வடபுலத்து ஆறுகளின் உயிர். கழிமுகங்களில் வாழ்வது உவர்நீர் முதலை. நம்முடைய ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியது நன்னீர் முதலை. இந்த மூன்றையும் கபிலரின் மூன்றோடு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திட்டத்தின் முறை எளியது. நன்னீர் முதலை பிப்ரவரி தொடங்கி ஏப்ரலுக்குள் கரையில் குழி தோண்டி, பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் வரை இடும். இரண்டு மாதமளவில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் எழுப்பும். தாய் அதைக் கேட்டு மண்ணை விலக்கி, குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்கு எடுத்துச் செல்லும். கொடியதென்று நாம் சொல்லும் அந்த வாய்க்கு இப்படியும் ஒரு வேலை உண்டு. ஆனால் முட்டையை உடும்பு தின்னும். குஞ்சைக் கொக்கும் நாரையும் மீனும் தின்னும். பிழைத்து வளர்வன மிகச்சில. ஆகவே முட்டைகளைச் சேகரித்து, பொரிக்கவைத்து, ஒரு மீட்டருக்கு மேல் வளரும்வரை தொட்டியில் காத்து, பிறகு ஆற்றில் விடுவது என்று முடிவு செய்தார்கள். தமிழகத்தில் அமராவதி அணைப் பகுதியிலும் சாத்தனூரிலும் ஒகேனக்கல்லிலும் இந்த வேலை நடந்தது. சாத்தனூர்த் தொட்டிகளின் தோற்றுவாய் இதுதான்.

அரசுக்கு வெளியே இதே வேலையைத் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேகர். 1943இல் நியூயார்க்கில் பிறந்து, எட்டு வயதில் தாயுடன் இந்தியா வந்தவர். தாய் மணந்துகொண்டது கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகனை. கொடைக்கானலில் விடுதி மாணவராகப் படித்தபோது கட்டிலுக்கடியில் மலைப்பாம்பு வளர்த்தவர் என்பது அவரே பலமுறை சொல்லியிருக்கும் செய்தி. பின்னர் அமெரிக்கா சென்று, மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புக்கூடத்தில் வேலை செய்தார். ஹாஸ்ட் தம் உடலில் நீர்த்த நஞ்சைத் தாமே ஏற்றிக்கொண்டவர். 170 முறைக்கும் மேல் கடிபட்டும் 100 வயது வரை வாழ்ந்து 2011இல் மறைந்தவர். பாம்பை வைத்திருப்பது, அதன் நஞ்சை எடுப்பது, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்தலாம் என்பதை விட்டேகர் அங்கே கற்றிருக்க வேண்டும்.

1967இல் இந்தியா திரும்பியவர் 1969இல் சென்னையை அடுத்த சேலையூரில் ஒரு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலில் மெரினாவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் அடுத்தபடியாக இடம்பெற்றது அந்தப் பாம்புப் பண்ணை. 1976இல் அவரும் ஜாய் விட்டேகரும் நண்பர்களும் சேர்ந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். ஜாய், பறவையியலாளர் சாலிம் அலியின் உறவுக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் பண்ணை என்ற சொல் இல்லை. வங்கி என்றே வைத்தார்கள். இருப்பில் உள்ள முதலைகளைப் பெருக்கி, ஆறுகள் பாதுகாப்பானவையாக மாறும் நாளில் எடுத்துக் கொடுப்பது என்பது பொருள்.

வங்கி எதிர்பார்த்ததைக் காட்டிலும் விரைவாகப் பெருகிற்று. ஒரே பெண் முதலை ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிடுவதை அங்கே கண்டறிந்தார்கள். நல்ல உணவும் வெப்பமான கடற்கரையும் அமைந்தால் நன்னீர் முதலைக்கு அது இயலும் என்பது 1980களில் ஆய்வுலகுக்குத் தெரியவந்தது. அதைவிட வியப்பானது மற்றொன்று. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை இருக்கும் மண்ணின் வெப்பம். ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் ஆகிய மூவரும் வடநெம்மேலி முட்டைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1989இல் வெளியாயிற்று. 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரையிலான நிலையான வெப்பத்தில் பொரித்தவை அனைத்தும் பெண்கள். 32.5 பாகையில் ஆண்கள். ஒன்றரைப் பாகை வேறுபாட்டில் ஓர் இனத்தின் ஆண் பெண் கணக்கே மாறிவிடுகிறது. பூமி சூடாகிவரும் இந்நாளில் இந்த எண்களைப் படிக்கையில் மனம் சற்றே நடுங்குகிறது.

இனப்பெருக்கம் இவ்வாறு வென்றது. தோற்றது வேறோரிடத்தில். வளர்த்த முதலைகளைக் கொண்டுபோய் விடுவதற்கு நீர்நிலை வேண்டுமல்லவா? 1970களில் காலியாகக் கிடந்த கரைகளில் 1990களில் தோட்டமும் இறைப்பியும் மீன்பிடி ஒப்பந்தமும் வந்துவிட்டன. முதலை விடப்பட்ட ஏரியின் கரையில் துணி துவைக்கும் பெண்ணுக்கும் வலை வீசும் மீனவருக்கும் அந்த முதலை வேண்டப்பட்ட விருந்தாளியாக இருக்க வாய்ப்பில்லை. 1990களின் நடுவில் நடுவண் அரசு நன்னீர் முதலைகளை வளர்த்து விடுவதை நிறுத்தச் சொன்னது. பிறகு பண்ணைகளுக்கு எஞ்சிய வேலை, இருப்பவற்றுக்குத் தீனி போடுவதும், புதிதாகப் பிறக்காமல் பார்த்துக்கொள்வதுமே. ஒருகாலத்தில் ஒவ்வொரு முட்டையையும் பொன்போல் பொத்திக் காத்த அதே கைகள், பிறகு முட்டைகளைத் தேடி அகற்ற வேண்டியதாயிற்று. 2022இல் வடநெம்மேலியிலிருந்து 1,000 நன்னீர் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் விலங்கு மையத்துக்கு அனுப்பும் பணி தொடங்கிற்று. வங்கியிலிருந்து கடைசியில் எடுக்கப்பட்ட தொகை ஆற்றுக்குப் போகவில்லை. மற்றொரு வங்கிக்கே போயிற்று.

இதை எவருடைய குற்றமாகவும் நாங்கள் சொல்லவில்லை. கரியாலுக்கும் அதேதான் நேர்ந்தது. பல்லாண்டுகளாக வளர்த்து வளர்த்து ஆறுகளில் விட்ட பிறகும், 1997இல் 436ஆக இருந்த முதிர்ந்த கரியால்களின் எண்ணிக்கை 2006இல் 182ஆகக் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். 2007 டிசம்பர் தொடங்கிய குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை மடிந்தன. ஆறு கெட்டிருக்கையில் விடப்படும் ஒவ்வொரு குஞ்சும் கெட்ட ஆற்றுக்கே விடப்படுகிறது.

முன்னோடிகள் மற்றொரு வழியையும் எண்ணிப் பார்த்தார்கள். அது வணிகம். தாய்லாந்தில் உதாய் யங்பிரபகோர்ன் என்பவர் 1950இலேயே சமுத் பிரகானில் முதலைப் பண்ணை தொடங்கி, தோலுக்கும் இறைச்சிக்குமாக ஆயிரக்கணக்கில் வளர்த்தார். அமெரிக்காவின் லூசியானாவில் சதுப்பு நில உரிமையாளருக்கு முட்டைக்கு விலை கொடுத்து, பொரித்து வளர்த்து, ஒரு பங்கைத் திரும்பச் சதுப்பில் விட்டுவிடும் ஏற்பாடு வந்தது. முட்டைக்குக் காசு கிடைப்பதால் உரிமையாளர் சதுப்பைத் தூர்க்கவில்லை. பாப்புவா நியூகினியில் சிற்றூர் மக்கள் முதலைக் குட்டிகளை வளர்த்து விற்கும் திட்டத்தில் விட்டேகரே பணியாற்றினார். முதலையோடு வாழும் ஏழைக்கு முதலையால் வருவாய் வந்தால்தான் அவன் அதைப் பொறுத்துக்கொள்வான் என்பது அவர் வாதம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை. வணிகத்துக்கு ஒரு கதவைத் திறந்தால் திருட்டுத் தோலும் அதே கதவு வழியே வெளியேறும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறோம். கொல்வதற்காக வளர்ப்பது அறமா என்று கேட்டவர் மறுநாள் கோழிக்குழம்பு உண்டார் என்பதையும் நட்பின் பொருட்டுப் பதிவு செய்கிறோம்.

முதலையை விட்டுப் பாம்புக்கு வருவோம். தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். புற்றின் வாயில் கிடக்கும் எச்சம், மணலில் பதிந்த மங்கலான தடம், உரித்த சட்டையின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே இருப்பது எது, எப்போது போயிற்று என்று சொல்லக்கூடியவர்கள். கபிலர் காலத்துக் கண்கள் அழியாமல் எஞ்சியது இவர்களிடம் என்றே சொல்லலாம். விட்டேகருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களும் இவர்களே. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் பாம்பு பிழைத்தது. இருளரின் அடுப்பு அணைந்தது. சட்டம் பாம்பை எண்ணியது போல் அவர்களை எண்ணவில்லை.

1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அந்த வெற்றிடத்தில் பிறந்தது. இனிப் பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை. பிடித்து, நஞ்சு எடுத்து, திரும்ப விட்டுவிடலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு தரும் உரிமத்தின்படி எண்ணிப் பிடிக்கிறார்கள். வாய் துணியால் கட்டிய மண்பானைகளில் வைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பு விரைவில் மறுபடி பிடிபட்டால் தெரிந்துகொண்டு விட்டுவிடுவதற்கு. உறைந்து பொடியான நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, குதிரையின் குருதியிலிருந்து நச்சுமுறி பிறக்கிறது. இந்தியாவில் நச்சுமுறி செய்யப் பயன்படும் நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே போய்வந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது செய்தித்தாள் விவரம் அன்று. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் ஊர்கள் எங்களுடையவை. கரும்புத் தோகைக்குள் எலி. எலிக்குப் பின்னால் கண்ணாடிவிரியன். எங்கள் நண்பர் ஒருவரின் தந்தையைக் கரும்பு வெட்டுகையில் விரியன் தீண்டிற்று. ஈறிலும் கடிவாயிலும் இரத்தம் நில்லாமல் கசிய, நச்சுமுறி ஒவ்வொரு குப்பியாக ஏற்றப்பட்டது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டார். அந்தக் குப்பிகளுக்குள் இருந்தது எந்தக் கையால் பிடிக்கப்பட்ட எந்த விரியனின் நஞ்சு என்பது அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிழைத்தவர்களின் எண்ணிக்கைக்குப் பின்னால் மண்பானைகள் இருக்கின்றன.

ஊர்வன வளர்ப்பின் முன்னோடிகள் என்று உலகம் பட்டியலிடுவது வேறு பெயர்களை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பும் ஓணானும் பல்லியும் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வளரும் பெரும் பொழுதுபோக்கு. அதில் புகழ் பெற்றவர்கள் புதுப்புது நிறங்களைப் பிறப்பித்தவர்கள். எடுத்துக்காட்டாக, பாப் கிளார்க் என்பவர் 1992இல் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பில் வெண்மஞ்சள் குட்டிகளைப் பிறக்கச் செய்தார். அதன்பின் எண்ணற்ற நிறச்சேர்க்கைகள், அரிய நிறத்துக்குப் பெருந்தொகை, அதற்கென்றே கண்காட்சிகள் என்று அந்த உலகம் விரிந்தது. அவர்களின் பொறுமையையும் கூர்ந்த கவனிப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டோம். கூண்டில் பாம்பு எப்படி உண்கிறது, எப்போது சட்டை உரிக்கிறது, எந்த வெப்பத்தில் முட்டையிடுகிறது என்று நாம் இன்று அறிவதில் பாதி அவர்களிடமிருந்து வந்தது.

ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்கும் மிச்சம் உண்டு. குட்டியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்பு சில ஆண்டுகளில் ஆளைவிட இருமடங்கு நீளமாகிறது. வைத்திருக்க முடியாதவர் இரவோடிரவாகக் கொண்டுபோய்ச் சதுப்பில் விட்டுவிடுகிறார். 1992 ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்புக்கூடம் சிதைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எப்படியாயினும், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு மலைப்பாம்பின் வீடாயிற்று. 2012இல் வெளியான ஆய்வில், முன்பு சாலையோரத்தில் எளிதாகத் தென்பட்ட சிறுவிலங்குகள் பல அநேகமாகக் காணாமற் போயிருந்தன. அதே ஆண்டு அப்பாம்பின் இறக்குமதி அங்கே தடைசெய்யப்பட்டது. ஆனால் சதுப்பில் இருந்தவற்றைக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரர்களுக்கும் கடினமாயிருந்தது. அங்கே எதிரில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாத உடல் அது.

2017 ஜனவரியில் அங்கே அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். செங்கல்பட்டுச் சீமையின் இருளர்கள். மற்றவர்கள் சாலையில் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு பாம்பைத் தேடினர். இவர்கள் புதருக்குள் இறங்கி, எச்சத்தையும் தடத்தையும் பார்த்து நடந்தார்கள். முன்பின் பாராத நாடு, பாராத மண், மொழிபெயர்க்க உடன் இருவர். முதல் இரண்டு வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். உலகின் மிகப்பெரிய வளர்ப்பு வணிகம் விட்டுச்சென்ற சிக்கலை அவிழ்க்க, எதையும் வளர்க்காத, பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவதையே தொழிலாகக் கொண்ட இருவர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. 2018இல் விட்டேகருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியைப் பெரிதுபடுத்த வேண்டாம். பெயர் பதிவாயிற்றே என்பதில் நிறைவு கொள்வோம். பதிவாகாத பெயர்கள் எத்தனையோ.

அயல்நாட்டுப் பாம்பு வளர்ப்பு இப்போது நம் ஊர்களுக்கும் வந்திருக்கிறது. நாட்டுப் பாம்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பது குற்றம். அயல் உயிர்களுக்கு நெடுநாள் அத்தகைய தடை இருக்கவில்லை. 2020இல் வைத்திருப்போர் தாமாக அறிவிக்கலாம் என்ற ஏற்பாடும், 2022இல் சட்டத் திருத்தமும், 2024இல் பதிவு விதிகளும் வந்தன. ஆயினும் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கும் பெட்டிகளுக்குள் துணிப்பைகளில் சுருண்ட பந்து மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. வாங்குவோரில் பலர் இளைஞர்கள். உயிர்களை வெறுப்பவர்கள் அல்லர். கொடைக்கானல் விடுதியில் கட்டிலுக்கடியில் மலைப்பாம்பு வைத்திருந்த சிறுவனின் ஆர்வம் அவர்களுக்குள்ளும் இருக்கலாம். ஆர்வத்தைப் பழிக்க இயலாது. ஆனால் பெட்டியில் வாங்கிய உயிர் திரும்பிப் போவதற்கு இந்த மண்ணில் ஒரு காடும் இல்லை. அதை வாங்குமுன் எண்ணிப் பார்க்கச் சொல்லும் கடமை மூத்தவர்களுக்கு உண்டு.

சுந்தரர் அவிநாசியில் பதிகம் பாட, முதலை தான் விழுங்கிய பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது என்பது நாம் அறிந்த கதை. அதை நாங்கள் இப்போது வேறு விதமாகவும் படிக்கிறோம். முதலை தன் பங்குக்குப் பிள்ளையைத் திருப்பித் தந்துவிட்டது. முதலையின் பிள்ளைகளை நாம் எடுத்தோம், அன்போடுதான் எடுத்தோம், நன்றாகத்தான் வளர்த்தோம். திருப்பித் தருவதற்கு மட்டும் நம்மிடம் பதிகம் இல்லை, கரையும் இல்லை.

முன்னோடிகளின் உழைப்பு வீண் என்பது எங்கள் முடிபன்று. 1970களில் அவர்கள் முட்டை பொறுக்கியிராவிட்டால், வளர்த்தது மிகுந்துபோயிற்றே என்று கவலைப்படும் நிலையே நமக்கு வாய்த்திருக்காது. நன்னீர் முதலை இன்று அமராவதியிலும் மோயாற்றிலும் காவிரியிலும் சாத்தனூர் நீர்த்தேக்கத்திலும் தானாக முட்டையிட்டு வாழ்கிறது. வளர்ப்பது ஒரு தலைமுறையின் வேலை. அதை அவர்கள் செய்து முடித்தார்கள். இடம் விட்டுவைப்பது அடுத்த தலைமுறையின் வேலை. அதற்கு அறிவியல் பட்டமோ தொட்டியோ தேவையில்லை.

கல்வராயன் மலையில் எவரும் பாம்பு வளர்ப்பதில்லை. வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு கல்லைப் புரட்டினால், மண்ணுக்குள் வாழும் வாலறுந்தது போன்ற ஒரு சிறுபாம்பு அகப்படக்கூடும். நஞ்சில்லாதது, மண்புழுவைத் தின்று வாழ்வது. கிழக்கு மலைத்தொடரின் இந்தத் தென்பகுதிக் குன்றுகளில் வாழும் ஊர்வனவற்றைப் பற்றிய முறையான ஆய்வுகள் அண்மைக் காலத்தில்தான் பெருகத் தொடங்கியுள்ளன. மலையாளிப் பெரியவர்களிடம் அவற்றுக்குப் பெயர்கள் இருக்கின்றன. அடுத்தமுறை மேலே செல்லும் நண்பர்கள் அருவியைப் படம் எடுப்பதோடு, அப்பெயர்களையும் கேட்டு எழுதிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இடங்கரையும் கராமையும் போல அவையும் பொருள் தெரியாத வெறும் சொற்களாக அகராதியில் நின்றுபோக வேண்டாம். கல்லைப் புரட்டியவர்கள், பார்த்து முடித்தபின், அதை இருந்தபடியே மூடிவைத்துவிட்டு வர வேண்டும்.